ஸ்கேனரில் கேட்கப் பழகுதல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

விமானி, மாலுமி போன்றோரின் ரேடியோப் பேச்சைத் தேடிக் கேட்க உதவும் கருவியான ஸ்கேனரை வாங்கிய முதல் நாள் மாலையில் பெரும்பாலோருக்கு இரண்டில் ஒன்று நேர்கிறது. கருவி ஒரு சத்தமும் எழுப்பாமல் ஊமையாகக் கிடக்கும். இல்லாவிட்டால், தகரக் கூரையில் மழை பெய்வதுபோல ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். கெட்டுப்போன கருவி வந்துவிட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. உண்மையில் இரண்டு நிலையிலும் கருவியில் குறை ஏதும் இருக்காது. எதற்காக நிற்க வேண்டும், எதைக் கேளாமல் கடந்துபோக வேண்டும் என்பதை அதற்கு இன்னும் யாரும் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லித் தருவதுதான் ஸ்கேனர் பழகுவதில் முக்கால் பங்கு.

எஃப்எம் வானொலி நிலையம் இரவும் பகலும் ஒரே அதிர்வெண்ணில் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. விமானி, கப்பல் மாலுமி, ரயில் ஓட்டுநர், தீயணைப்பு வீரர் ஆகியோரின் ரேடியோ அப்படிப்பட்டதல்ல. ஐந்து நொடி பேசுவார்கள். பிறகு பத்து நிமிடம் அந்த அதிர்வெண்ணில் ஒன்றுமே இருக்காது. ஒரே அதிர்வெண்ணில் காத்திருந்தால் பொழுதுதான் போகும். ஆகவே ஸ்கேனர், நாம் பதிந்து வைத்த அதிர்வெண்களை நொடிக்குப் பல பத்து என்ற வேகத்தில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பேச்சு இருக்கும் இடத்தில் நின்று, பேச்சு முடிந்ததும் மீண்டும் ஓடத் தொடங்குகிறது.

நான் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் வசிப்பதால், இங்கே தரும் எடுத்துக்காட்டுகள் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியைச் சேர்ந்தவை. முறைகள் அமெரிக்காவின் மற்ற இடங்களுக்கும் பொருந்தும். எண்களை மட்டும் உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

சட்டம் பற்றி முதலில்

அமெரிக்காவில் ஸ்கேனர் வைத்திருப்பதும் கேட்பதும் பொதுவாகக் குற்றமல்ல. கேட்பதற்கு உரிமமும் தேவையில்லை. ஆனால் வரம்புகள் இருக்கின்றன. கைப்பேசி உரையாடல்களை ஒட்டுக்கேட்பதை 1986 ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. 1994 முதல் இங்கே விற்பனைக்கு வரும் ஸ்கேனர்களில் 800 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசி அலைவரிசைப் பகுதி அடைக்கப்பட்டே வருகிறது. தமக்கு உரியதல்லாத ரேடியோச் செய்தியை வெளியிடுவதையும் அதை வைத்து ஆதாயம் தேடுவதையும் 1934 ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டத்தின் 705 ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. கலிஃபோர்னியாவில் தண்டனைச் சட்டம் 636.5 பிரிவின்படி, குற்றம் செய்யவோ கைதாவதிலிருந்து தப்பவோ காவல்துறை ரேடியோவைக் கேட்பது தனிக் குற்றம். நியூயார்க், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் காரில் ஸ்கேனர் வைத்துக்கொள்வதற்குக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே மாநிலம் தாண்டிப் பயணம் போகுமுன் அங்குள்ள விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிற நாடுகளில் நிலைமை வேறு. பிரிட்டனில் 2006 ஆம் ஆண்டின் சட்டப்படி, பொதுமக்களுக்கென்று அனுப்பப்படாத செய்தியை அனுமதியின்றிக் கேட்பதே குற்றம். இந்தியாவில் கம்பியில்லாக் கருவிகளை வைத்திருப்பதே 1933 ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலம் தொட்டு உரிமத்துக்கு உட்பட்ட விஷயமாக இருந்து வருகிறது. விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும்போது, நண்பர்களிடம் காட்டலாமே என்று ஸ்கேனரைப் பெட்டியில் எடுத்து வைக்க வேண்டாம்.

எந்தக் கருவி

விலை உயர்ந்த டிஜிட்டல் கருவியிலிருந்து தொடங்குவது, சைக்கிள் பழகாமல் மோட்டார் பைக் வாங்குவதைப் போன்றது. முதல் கருவியாக அனலாக் மட்டுமே பிடிக்கும் கையடக்க ஸ்கேனர் போதும். நான் யூனிடன் பிசி125ஏடி வைத்திருக்கிறேன். அதில் அதிர்வெண்களைப் பதிந்து வைக்கும் 500 இடங்கள், அதாவது சேனல்கள், 50 வீதம் பேங்க் எனப்படும் 10 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. 25 முதல் 54, 108 முதல் 174, 225 முதல் 380, 400 முதல் 512 மெகாஹெர்ட்ஸ் வரையிலான நான்கு பகுதிகளை அது பிடிக்கும். விமானம், கப்பல், ரயில், வானிலை அறிவிப்பு, காட்டுத்தீ அணைப்பு என்று இப்பகுதியில் கேட்கச் சுவையானவற்றில் பெரும்பாலானவை இன்னும் அனலாக்கில்தான் இருக்கின்றன என்பதால், முதல் ஆண்டில் குறை தெரியாது.

கணினிப் பழக்கம் உள்ளவர்கள் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்னும் யுஎஸ்பி குச்சியையும் பார்க்கலாம். தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட ஒரு மலிவான சிப்பை, 2012 வாக்கில் ஆர்வலர்கள் பொதுவான ரேடியோ வாங்கியாக மாற்றிக் காட்டினார்கள். ஏறத்தாழ 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒரே பார்வையில் அருவிபோலத் திரையில் ஓடவிட்டு, எங்கே யார் பேசுகிறார்கள் என்பதைக் கண்ணால் காண முடிகிறது. படிப்பதற்கு அது அருமையான கருவி. ஆனால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடற்கரையில் நடக்க முடியாது.

பேட்டரி பற்றி ஓர் எச்சரிக்கை. இத்தகைய கருவிகளில் யுஎஸ்பி கம்பியைச் செருகினால் உள்ளே இருக்கும் ஏஏ பேட்டரிகள் சார்ஜ் ஆகும். சார்ஜ் செய்யக்கூடாத அல்கலைன் பேட்டரியைப் போட்டுவிட்டுக் கம்பியைச் செருகினால், பேட்டரி கசிந்து தகட்டை அரித்துவிடும். பேட்டரி அறைக்குள் வகையைக் குறிக்கும் சிறு சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து, அதைச் சரியான பக்கம் தள்ளிவிட்ட பிறகே கம்பியைத் தொடுங்கள்.

ஸ்க்வெல்ச்: இதில் ஒரு மாலை செலவழியுங்கள்

ஒலியளவுக் குமிழ் என்ன செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்துக் குமிழான ஸ்க்வெல்ச்தான் புதியவர்களைத் திணறடிப்பது. யாரும் பேசாத அதிர்வெண்ணிலும் இயற்கை இரைச்சலும் கருவியின் உள் இரைச்சலும் இருந்துகொண்டே இருக்கும். ஸ்க்வெல்ச் என்பது ஒரு வாசல்படி. அந்த உயரத்தைத் தாண்டி வரும் சமிக்ஞைக்கு மட்டும் ஒலிபெருக்கி திறக்கும். படி தரையோடு இருந்தால் இரைச்சலே உள்ளே வந்துவிடும். அதையும் பேச்சு என்று எண்ணி ஸ்கேனர் முதல் சேனலிலேயே நின்றுவிடும், நகராது. படியை ஆளுயரத்துக்கு ஏற்றினால் பக்கத்தில் இருப்பவரின் குரல் தவிர வேறெதுவும் வராது. முதல் பத்தியில் சொன்ன இரண்டு நோய்களும் இவைதான்.

சரி செய்யும் முறை இது. ஓடிக்கொண்டிருக்கும் கருவியை ஹோல்டு பொத்தானால் ஒரு வெற்று சேனலில் நிறுத்துங்கள். ஸ்க்வெல்ச் குமிழை முழுவதும் இடப்பக்கம் திருப்புங்கள். இரைச்சல் கேட்கும், அதை வைத்து ஒலியளவைக் காதுக்கு இதமாக அமைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஸ்க்வெல்ச்சை மிக மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். இரைச்சல் சட்டென்று அறுந்துபோகும் புள்ளி ஒன்று வரும். அங்கிருந்து ஒரு நூலிழை மட்டும் கூடுதலாகத் திருப்பி நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் திருப்பும் ஒவ்வொரு கடுகளவும் தொலைவில் உள்ள ஒருவரின் குரலை இழப்பதாகும்.

இந்தப் புள்ளி நிலையானதல்ல. எல்இடி விளக்கு, மடிக்கணினி சார்ஜர், இணைய ரவுட்டர் ஆகியவற்றின் அருகில் இரைச்சல் கூடும், தோட்டத்தில் குறையும். நான் வாங்கிய புதிதில், எழுதும் மேசைமேல் வைத்துச் சரிசெய்த ஸ்க்வெல்ச்சைத் தொடாமலேயே இரண்டு வாரம் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து கேட்டுவந்தேன். இரவு பத்து மணிக்குமேல் வானில் விமானமே இல்லை போலும் என்று ஒரு முடிவுக்கும் வந்திருந்தேன். ஒருநாள் தற்செயலாகக் குமிழில் கை பட்டுக் குறைந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் பதினான்கு விமானங்களின் பெயரை எழுதினேன். இடம் மாறினால் குமிழையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

முதலில் வானிலை நிலையம்

கருவி வேலை செய்கிறதா என்று சோதிக்க, எந்நேரமும் பேசிக்கொண்டே இருக்கும் ஒருவர் தேவை. அமெரிக்க வானிலைத் துறையின் நோவா ரேடியோ அப்படிப்பட்டது. அதற்கு ஏழே அதிர்வெண்கள்: 162.400, 162.425, 162.450, 162.475, 162.500, 162.525, 162.550 மெகாஹெர்ட்ஸ். பல ஸ்கேனர்களில் இவை முன்பே பதியப்பட்டு, தனிப் பொத்தானில் கிடைக்கும். ஏழையும் ஓட்டிப் பார்த்து எது தெளிவாகக் கேட்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விரிகுடாப் பகுதியில் 162.400 பெரும்பாலும் கிடைக்கும்.

அதைப் பிடித்த பிறகு கருவியை ஓடவிட்டபடியே வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். கலிஃபோர்னியாவின் ஸ்டக்கோ சுவர்களுக்குள் பூச்சைத் தாங்குவதற்குக் கம்பி வலை இருக்கிறது. ரேடியோ அலைக்கு அது வேலிபோல நிற்கும். கூடத்தின் நடுவில் கரகரக்கும் குரல், ஜன்னல் ஓரத்தில் துலங்குவதை நீங்களே கேட்கலாம். உங்கள் வீட்டில் கேட்பதற்கு ஏற்ற நாற்காலி எது என்பதை இந்த இலவச நிலையம் காட்டிக் கொடுத்துவிடும்.

விமான அலைவரிசை

பேசக் கற்கும் குழந்தைக்கு எளிய சொற்களைத் தருவதுபோல, காது பழக விமானப் பேச்சுதான் ஏற்றது. பேச்சின் வடிவம் நிலையானது, எந்நேரமும் யாராவது பேசுகிறார்கள், பிறருக்குப் புரியாதபடி பேச்சை மறைக்கும் குறியாக்கம் ஏதுமில்லை. குரல் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை நடக்கிறது. அதற்குக் கீழே 108 முதல் 118 வரை இருப்பவை பெரும்பாலும் வழிகாட்டிக் கருவிகளின் சமிக்ஞைகள்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தப் பேச்சு முழுவதும் ஏஎம் முறையில் அமைந்தது என்பதாகும். எஃப்எம் முறையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலிமையான குரல் மற்றதை முழுவதும் விழுங்கிவிடும். விழுங்கப்பட்டது யாருக்கும் தெரியவே தெரியாது. ஏஎம்மில் இரண்டும் கலந்து ஒரு கீச்சொலியாவது எழும், இன்னொருவர் பேச முயன்றார் என்பது கட்டுப்பாட்டாளருக்குப் புரியும். வானத்தில் அந்த வேறுபாட்டுக்கு உயிரின் விலை உண்டு. எனவே கையால் அதிர்வெண்ணைப் பதியும்போது முறை ஏஎம் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். எஃப்எம்மில் வைத்தால் கரகரப்புக்கு நடுவே குரல் நசுங்கித்தான் வரும்.

சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கு மூன்று எண்களோடு தொடங்குங்கள். 118.850 இல் ஏடிஸ் எனப்படும் பதிவுசெய்த அறிவிப்பு சுழன்றுகொண்டே இருக்கும்: காற்று, பார்வைத் தொலைவு, பயன்பாட்டில் உள்ள ஓடுபாதைகள், கடைசியில், அது எந்த அறிவிப்பு என்று அடையாளம் காட்டும் ஓர் எழுத்து. 120.500 கோபுரம்; இறங்குவதற்கும் ஏறுவதற்கும் அனுமதி தருவது. 121.800 தரைக் கட்டுப்பாடு. ஓடுபாதைக்கு வெளியே விமானங்களை நகர்த்துவது. எண்கள் எப்போதாவது மாறலாம் என்பதால், பதியுமுன் புதிய பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கோபுரத்தில் கேட்பது ஏறத்தாழ இப்படி இருக்கும்: “யுனைடெட் செவன் ஃபார்ட்டி டூ, ரன்வே டூ எய்ட் ரைட், க்ளியர்டு டு லேண்ட்.” முதலில் யாரிடம் பேசுகிறோம் என்பது, அடுத்து இடம், அடுத்து அனுமதி. விமானி அதையே திருப்பிச் சொல்லித் தன் பெயரை இறுதியில் வைப்பார். டூ எய்ட் ரைட் என்றால், ஏறக்குறைய 280 பாகை திசையை நோக்கிய இரு இணைப் பாதைகளில் வலப்பக்கத்தது. ஒன்பதை ‘நைனர்’ என்றும், பெரிய விமானத்தைப் பெயரோடு ‘ஹெவி’ சேர்த்தும் சொல்வார்கள். தொடக்கத்தில் வேகம் மலைக்க வைக்கும். முழு வாக்கியத்தையும் பிடிக்க முயலாமல், முதல் நாள் விமான நிறுவனத்தின் பெயரை மட்டும், மறுநாள் எண்ணை, அதற்கு மறுநாள் ஓடுபாதையை என்று கேளுங்கள். ஒரு வாரத்தில் காது தானாக வரிசை போட்டுக்கொள்ளும்.

விமானியின் குரல் மட்டும் கேட்கிறது, கோபுரத்தின் பதில் கேட்கவில்லையே என்ற ஐயம் எல்லோருக்கும் வரும். இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. 10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு ரேடியோ அடிவானம் சுமார் 400 கிலோமீட்டர். 1,000 மீட்டரில் 130. தரையில் நிற்கும் ஆண்டெனாவுக்கோ, நடுவில் ஒரு குன்று குறுக்கிட்டாலே கதை முடிந்தது. பாதி உரையாடல் கேட்பது கருவியின் குறையல்ல. திருப்பிச் சொல்லும் வழக்கம் இருப்பதால், விமானியின் பாதியிலிருந்தே மறுபாதியை ஊகித்துவிடலாம்.

பதிவதும் ஒதுக்குவதும்

இங்கேதான் பலரும் அகலக்கால் வைக்கிறார்கள். ரேடியோரெஃபரன்ஸ் தளத்தில் மாவட்டம் வாரியாக அதிர்வெண் பட்டியல் கிடைக்கிறது. கணினி மென்பொருளின் உதவியால் ஐந்நூறு சேனல்களையும் ஒரே மூச்சில் நிரப்பிவிட முடியும். அப்படி நிரப்பியவர், குப்பை வண்டி ஓட்டுநரின் அரை வாக்கியம், கடைத்தொகுதிக் காவலாளியின் கால் வாக்கியம், நடுவில் ஒரு விமானம் என்று கதம்பமாகக் கேட்டுவிட்டு மூன்றாம் நாள் கருவியை இழுப்பறையில் போட்டுவிடுவார். எது யாருடைய குரல் என்று தெரியாதவரை அது வெறும் சத்தம்.

முதல் பேங்க்கில் விமானம் மட்டும், பத்து சேனலுக்கு மிகாமல், இரண்டாவதில் கப்பல், மூன்றாவதில் ரயில் என்று பொருள் வாரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது எண் பொத்தானை அழுத்தி ஒரு பேங்க்கை அணைக்கவும் திறக்கவும் முடியும் என்பதால், ரயில் பார்க்கப் போகும் நாளில் மூன்றாவதை மட்டும் திறந்துவைக்கலாம். ஒவ்வொரு சேனலுக்கும் பெயர் எழுதும் வசதி இருந்தால் சோம்பல் படாமல் எழுதிவிடுங்கள். திரையில் ‘கோபுரம்’ என்று பார்ப்பதற்கும் 120.500 என்று பார்ப்பதற்கும் வேறுபாடு பெரிது.

டிலே எனப்படும் காத்திருப்பு நேரத்தை இரண்டு நொடியாக வையுங்கள். ஒருவர் பேசி முடித்தவுடன் கருவி ஓடிவிட்டால், மற்றவரின் பதில் தவறிப்போகும். நோவா போன்று நில்லாமல் பேசும் நிலையத்தை ஓட்டப் பட்டியலில் சேர்க்காதீர்கள். கருவி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். வேண்டாத சேனல் அடிக்கடி குறுக்கிட்டால் லாக் அவுட் பொத்தானால் அதை ஒதுக்குங்கள். என் கருவியில் ஒருமுறை அழுத்தினால் அப்போதைக்கு மட்டும், இருமுறை அழுத்தினால் நிரந்தரமாக ஒதுங்கும். எனது அனுபவத்தில், பழகியவரின் கருவியில் தேய்ந்திருக்கும் பொத்தான் இதுதான்.

சில சேனல்களில் வெவ்வேறு குழுக்கள் ஒரே அதிர்வெண்ணைப் பங்கிட்டுக்கொள்ளும். குரலோடு சேர்த்து, ஒலிபெருக்கிக்குப் போகாமல் கருவி வடிகட்டிவிடும் 67.0 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரையிலான ஏதோ ஒரு தாழ்ந்த தொனியை ஒவ்வொரு குழுவும் அனுப்பும். இதை சிடிசிஎஸ்எஸ் என்பார்கள். முதலில் தொனியைத் தேடும் நிலையில் வைத்துக் கேட்டு, உங்களுக்கு வேண்டிய குழுவின் எண் தெரிந்த பிறகு அதை மட்டும் அனுமதியுங்கள். தெரியாமல் தவறான தொனியைப் பதிந்தால் அந்தச் சேனல் ஊமையாகிவிடும்.

தேடிப் பார்த்தல்

பட்டியலில் இல்லாததைக் கண்டுபிடிக்க, இரண்டு எல்லைகளுக்கு நடுவே படிப்படியாகத் தேடும் வசதி உண்டு. யூனிடனில் க்ளோஸ் கால் என்றொரு வசதியும் இருக்கிறது. அருகில் யாராவது பேசினால் அந்த அதிர்வெண்ணைக் கருவியே பிடித்துக் காட்டும். தேடும்போது, குரலே இல்லாமல் கருவி நின்றுவிடும் இடங்கள் சில வரும். ஆண்டெனாவைக் கழற்றிய பிறகும் அது நிற்குமானால், அது கருவி தனக்குள்ளேயே உண்டாக்கும் போலிச் சமிக்ஞை; யோசிக்காமல் ஒதுக்கிவிடலாம்.

ரயில், கப்பல், நெடுஞ்சாலை

ரயில்களுக்கு 160.2 முதல் 161.6 மெகாஹெர்ட்ஸ் வரை தேடுங்கள். தண்டவாளத்தின் ஓரத்தில் ஆங்காங்கே பழுது அறியும் கருவிகள் நிற்கின்றன. ரயில் கடந்து முடிந்ததும், எந்த மனிதரும் இல்லாமல் அந்தப் பெட்டியே ரேடியோவில் பேசும்: “நோ டிஃபெக்ட்ஸ், டோட்டல் ஆக்சில்ஸ் டூ ஃபோர் எய்ட்.” அதாவது பழுது இல்லை, மொத்தம் 248 அச்சுகள். முன்னால் போன இரண்டு எஞ்சின்களுக்கு ஆறு வீதம் பன்னிரண்டு அச்சுகளைக் கழித்து, மீதி 236 ஐ நான்கால் வகுத்தால் 59 வேகன்கள். வாசலில் நின்று எண்ணியது சரிதானா என்று என் மகளோடு சேர்ந்து இதைச் சோதிப்பது எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு.

கப்பல்களுக்கு அழைப்பு மற்றும் ஆபத்துக்கான 16 ஆம் சேனல் 156.800, கப்பலுக்குக் கப்பல் பேசும் 13 ஆம் சேனல் 156.650, சான் ஃபிரான்சிஸ்கோ கப்பல் போக்குவரத்துக் கட்டுப்பாடு 14 ஆம் சேனலில், அதாவது 156.700 இல் பேசுகிறது. ஓக்லாந்து துறைமுகத்துக்குள் நுழையும் சரக்குக் கப்பல், பாலத்தின் அடியில் எப்போது வரும் என்று சொல்வதை சான் ஃபிரான்சிஸ்கோவின் கரையோரச் சாலையான எம்பர்கடெரோவில் நின்று கேட்டுவிட்டுத் தலை நிமிர்த்தினால், கப்பலே கண்முன் வரும்.

கலிஃபோர்னியா நெடுஞ்சாலை ரோந்துப் படை, மற்றவர்கள் பெரும்பாலும் கைவிட்டுப் போன 39 முதல் 45 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த பகுதியில் நெடுங்காலமாகப் பேசிவருகிறது. மலையும் பள்ளத்தாக்குமான நீண்ட சாலைகளில் இந்த அலைகள் வளைந்து சென்று சேரும் என்பது காரணம். அவர்களுடைய எண் மொழியில் நான்கைத் தெரிந்துகொண்டால் போதும்: 11-80 பலத்த காயத்துடன் விபத்து, 11-81 சிறு காயம், 11-82 காயமில்லாமல் சேதம் மட்டும், 11-83 விவரம் தெரியவில்லை. காலையில் 880 நெடுஞ்சாலையில் ஏறுமுன் ஐந்து நிமிடம் கேட்டால் எந்த வழியில் போகலாம் என்று தெரிந்துவிடும். எழுத்துகளைச் சொல்லும்போது விமானிகள் ஆல்ஃபா, பிராவோ என்பார்கள். காவல்துறையினர் ஆடம், பாய் என்பார்கள். குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காட்டுத்தீப் பருவத்தில் மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயரின் பேச்சு 151 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் அனலாக்கிலேயே கேட்கும். அதைக் கேட்டுவிட்டுத் தீ எரியும் பக்கம் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள்; அதேபோல, வீட்டை விட்டு வெளியேறுவதா வேண்டாமா என்பதை ஸ்கேனரில் கேட்ட அரைகுறைச் செய்தியை வைத்து முடிவு செய்யாமல், அதிகாரப்பூர்வ எச்சரிக்கையை வைத்துச் செய்யுங்கள்.

ஆண்டெனா

கருவியோடு வரும் குட்டையான ரப்பர் ஆண்டெனா எல்லாவற்றையும் சுமாராகப் பிடிக்கும், எதையும் நன்றாகப் பிடிக்காது. நீட்டி மடக்கும் தொலைநோக்கிக் குழல் போன்ற ஆண்டெனா ஒன்றை பிஎன்சி இணைப்பில் மாட்டினால், செலவுக்கு மிஞ்சிய பலன் கிடைக்கும். எவ்வளவு நீட்டுவது என்பதற்கு எளிய கணக்கு உண்டு: 7500 ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலைநீளம் செண்டிமீட்டரில் வரும். கோபுரத்தின் 120.500 க்கு 62 செண்டிமீட்டர், கப்பலின் 156.800 க்கு 48. ரோந்துப் படையின் 42 க்கு 179 வருகிறது, அதாவது ஓர் ஆள் உயரம். அந்தப் பகுதி ஏன் ரப்பர் ஆண்டெனாவில் மங்கலாகக் கேட்கிறது என்பது இப்போது விளங்கும். ஆண்டெனாவைச் செங்குத்தாகவே பிடியுங்கள். மேசையில் படுக்க வைத்தால் சமிக்ஞையின் பெரும்பகுதி போய்விடும். காசு கொடுத்துப் பெரிய கருவி வாங்குவதைவிட, இருக்கும் கருவியை மாடி ஜன்னலுக்கு ஏற்றுவது அதிகப் பயன் தரும்.

டிரங்கிங், டிஜிட்டல், குறியாக்கம்

நகரக் காவல்துறை, தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகியவை இப்பகுதியில் பெரும்பாலும் பி25 என்னும் டிஜிட்டல் டிரங்கிங் அமைப்புக்கு மாறிவிட்டன. அலமேடா, கான்ட்ரா கோஸ்டா மாவட்டங்களுக்குப் பொதுவான அமைப்பு ஒன்று இருக்கிறது. டிரங்கிங் என்பதை வங்கியோடு ஒப்பிடலாம். பழைய முறையில் ஒவ்வொரு கவுன்டருக்கும் தனி வரிசை. ஒன்றில் கூட்டம் நெரியும், பக்கத்துக் கவுன்டர் காலியாக இருக்கும். டோக்கன் முறையில் எல்லோருக்கும் ஒரே வரிசை. எந்தக் கவுன்டர் காலியோ அங்கே போகும்படி பலகையில் எண் விழும். அந்தப் பலகைதான் கட்டுப்பாட்டு சேனல். டோக்கன் வைத்திருக்கும் குழுதான் டாக் குரூப். ஒரே உரையாடலின் மூன்று வாக்கியங்கள் மூன்று அதிர்வெண்களில் போகும். சாதாரண ஸ்கேனர் இதைத் துரத்த முடியாது. டிரங்கிங் ஸ்கேனர் பலகையைப் படித்துக்கொண்டே, நீங்கள் கேட்ட குழு எங்கே போகிறதோ அங்கே தாவும்.

இன்னொரு தடையும் உண்டு. பல ரேடியோக் கோபுரங்கள் ஒரே அதிர்வெண்ணில் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் அனுப்பும் சைமல்காஸ்ட் முறையில், இரண்டு கோபுரங்களின் அலைகள் நுண்ணிய கால வேறுபாட்டோடு வந்து ஒன்றையொன்று குலைத்துவிடும். விலை குறைந்த டிஜிட்டல் ஸ்கேனரில் குரல் துண்டு துண்டாகச் சிதறுவதற்குக் காரணம் இதுவே. யூனிடன் எஸ்டிஎஸ்100 போன்றவை இதைச் சமாளிக்கின்றன, ஆனால் 600 டாலருக்கு மேல் ஆகும்.

அவ்வளவு கொடுத்து வாங்கியும் காவல்துறை கேட்காமல் போகலாம். தனிநபர் விவரங்களை வெளிப்படையாக ரேடியோவில் சொல்லக்கூடாது என்று மாநில நீதித்துறை 2020 அக்டோபரில் அறிவுறுத்தியதை அடுத்து, கலிஃபோர்னியாவின் பல காவல்துறைகள் பேச்சு முழுவதையும் குறியாக்கம் செய்துவிட்டன. பாலோ ஆல்டோ நகரம் 2021 தொடக்கத்தில் மூடிவிட்டு, 2022 செப்டம்பரில் மீண்டும் திறந்தது. எல்லா ஊர்களும் அப்படிச் செய்யவில்லை. குறியாக்கம் செய்யப்பட்ட பேச்சை எந்த ஸ்கேனராலும் திறக்க முடியாது, அதைத் திறந்து தருவதாக யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

ஆகவே பணத்தை எடுத்து வைக்குமுன், அதிர்வெண் பட்டியலில் உங்கள் ஊரின் டாக் குரூப் வரிசையைத் திறந்து, முறை (Mode) என்ற பத்தியைப் பாருங்கள். அங்கே ஆங்கில எழுத்தான ‘டி’ (D) மட்டும் இருந்தால் திறந்த டிஜிட்டல். கூடவே சிறிய எழுத்தில் ‘இ’ (e) இருந்தால் சில நேரம் மட்டும் குறியாக்கம். பெரிய எழுத்தில் ‘இ’ (E) இருந்தால் எந்நேரமும் குறியாக்கம். உங்களுக்கு வேண்டிய குழுக்கள் எல்லாம் பெரிய எழுத்தாக இருந்தால், அந்த 600 டாலரை மிச்சம் பிடித்து, ஒரு நல்ல ஆண்டெனாவும் மொட்டை மாடியில் போட ஒரு நாற்காலியும் வாங்கிக்கொள்ளுங்கள்.